எஞ்சினை நிறுத்தச் சொன்ன மேடம்

லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பஸ்ஸில் வந்த ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். காட்டன் புடவை, அதன் மேல் உப்பிக்கொண்டு நிற்கும் ஆரஞ்சு ஜாக்கெட், கழுத்தில் விசில், மடியில் ஒரு கறுப்புப் பெட்டி. கண்டக்டர் கேட்டாராம், "என்னாம்மா, பஸ்ஸு கடலுக்குள்ளயா போவுது?" மேடம் சிரிக்கவில்லை. "நடுவுல வெள்ளாத்துப் பாலம் வருதுல்ல, அதுக்குத்தான்" என்றாராம். இதை அவரே எங்களிடம் சொன்னார். இதில் சிரிக்க ஏதோ இருக்கிறது என்பதே தெரியாத முகத்தோடு சொன்னார்.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தியவர். நாற்பதைத் தாண்டிய வயசு. பெயர் சொன்னால் அவருக்கு அதுவும் பயமாக இருக்கும், எனவே வேண்டாம். நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிட்டோம். நாங்கள் என்றால் நானும் என் மச்சானும். கடலூர் ஓ.டி. என்கிற பழைய பட்டணத்துத் துறைமுகத்தில் நான் லாஞ்ச், அதாவது மீன்பிடி விசைப்படகு, ஓட்டினேன். மச்சான், என் மனைவியின் தம்பி, எனக்கு உதவியாள். மார்கழியிலிருந்து பங்குனி வரைக்கும் தொழில் இல்லாத நாட்களில் மேடம் எங்கள் லாஞ்சை வாடகைக்குப் பேசிக்கொள்வார். வேலை இதுதான்: கரையிலிருந்து நெடுந்தூரம் போய், கடலடித் தரை திடீரென்று விழுந்து ஆழமாகிற இடத்தில், அந்தக் கறுப்புப் பெட்டியிலிருந்து ஒரு மைக்கைத் தண்ணீருக்குள் இறக்கி, திமிங்கலம் பேசுகிறதா என்று கேட்பது.

என் வாழ்க்கையில் இப்படிப் பயப்படுகிற ஒரு மனுஷியை நான் கண்டதில்லை. குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டுப் பக்கத்து அறையில் போய் நின்று விசில் எண்ணுவாராம். மேலவீதியைக் கடக்க யாராவது தெரியாத பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்வாராம். தேர் அன்று கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்துவிடுவார். லாஞ்சில் ஏறும்போது முதலில் வலது காலை வைப்பார், எடுப்பார், இடது காலை வைப்பார், எடுப்பார். மச்சான் கையை நீட்டிக்கொண்டே நின்று, "மேடம், லாஞ்சே கெளம்பிடும் போலருக்கு" என்பான். ஏறியதும் எஞ்சின் ரூம் கம்பத்தில் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொள்வார். முடிச்சு சரியாக இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொல்வார். நான் பார்த்த பிறகு மச்சானையும் பார்க்கச் சொல்வார்.

வெட்கப்படவே மாட்டார், அதுதான் எனக்கு ஆச்சரியம். நாங்களெல்லாம் பயத்தை மீசைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு திரிகிற ஆட்கள். அவர் பசிக்கிறது, தலை வலிக்கிறது என்று சொல்வதுபோலச் சொல்வார்: "டிரைவர் சார், பயமா இருக்கு." துறைமுகத்தில் என்னை சார் போட்டுக் கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். ஆனால் அந்த வாக்கியம் அதோடு நிற்காது. ஆழத்துக்கு வந்து சேர்ந்ததும் அடுத்தது வரும். "பயமா இருக்கு. எஞ்சினை நிறுத்துங்க."

இங்கேதான் என் பயம் ஆரம்பமாகும். கடலில் பழகாதவர்களுக்கு இதைச் சொன்னால் புரியுமோ என்னமோ. நடுக்கடலில் எஞ்சினை அணைக்கிறது என்றால், அது மறுபடி பிடிக்கும் என்று நம்பி அணைக்கிறோம். எனக்கு அதைவிடப் பெரிய காரணமும் இருந்தது. 2004 டிசம்பரில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நானும் மச்சானும் ஆழக்கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்தோம். அலை எங்களுக்கு அடியில் போனதே தெரியவில்லை. மீனோடு திரும்பி வந்து, முகத்துவாரத்துக்கு முன்னால் எஞ்சினை அணைத்தேன். கரையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஏலம் போடுகிற சத்தம் இல்லை, மைக்செட் இல்லை, நாய் இல்லை. அந்த அமைதியைக் கேட்ட பிறகுதான் மற்றதெல்லாம் தெரிந்தது. என் மனைவிக்கு அப்பா, அம்மா, அக்கா மூன்று பேரும் அன்றைக்குப் போனார்கள். மிச்சம் இருந்தது தம்பி ஒருத்தன். அவனும் என்னோடு கடலில் இருந்ததால் இருந்தான்.

அதற்குப் பிறகு என் மனைவி எனக்குப் போட்ட உத்தரவு ஒன்றுதான். "அவன் கடலுக்குப் போறதுனா உங்க கூடத்தான் போவணும். கூட்டிட்டுப் போறீங்க, கூட்டிட்டு வரணும். தனியா மட்டும் வந்துடாதீங்க." ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று இதைச் சொல்லாமல் அனுப்ப மாட்டாள். ஆகவே எனக்கு எஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மேடம் எங்களோடு வந்த காலமெல்லாம் மணிக்கணக்கில் அது நின்றுகொண்டுதான் இருந்தது. நான் சுக்கானைப் பிடித்தபடி, வாய் திறக்காமல், உள்ளுக்குள் செத்துக்கொண்டிருப்பேன்.

எஞ்சின் ஓடினால் மைக்கில் வேறு எதுவும் கேட்காதாம். தண்ணீருக்குள் சத்தம் காற்றில் போவதைவிடப் பல மடங்கு வேகமாகவும் தூரமாகவும் போகும் என்று சொன்னார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டால், அந்தப் பயந்தாங்கொள்ளி முகம் மாறிப்போகும். யாரோ பக்கத்து வீட்டில் பேசுவதைச் சுவரில் காது வைத்துக் கேட்கிற பெண்ணின் முகம் வந்துவிடும். நாங்கள் இருமக்கூடக் கூடாது. மச்சான் வேர்க்கடலை உடைத்தால், கண்ணைத் திறக்காமலே "தம்பி" என்பார்.

முதல் வருஷம் எங்களுக்குக் காட்ட வேறொரு கடலில் எடுத்த ஒலிப்பதிவு ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். ஒரு ஆண் திமிங்கலம் பாடுவதாம். மச்சான் ஹெட்போனில் கேட்டுவிட்டு, "மாமா, கெழட்டு பஸ்ஸு பிரேக் போடுற மாதிரி இருக்கு. நடுவுல மாடு கத்துது" என்றான். மேடம் கோபித்துக்கொள்ளவில்லை. "சரியாத்தான் சொல்றாரு" என்று சொல்லிவிட்டு விவரித்தார். குளிர்ந்த கடலில் தின்று கொழுத்துவிட்டு, இணை சேரவும் குட்டி போடவும் வெதுவெதுப்பான கடலுக்கு வருமாம். அங்கே ஆண்கள் பாடும். ஒரே இடத்தில் இருக்கிற ஆண்களெல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடும், வருஷத்துக்கு வருஷம் அதில் கொஞ்சம் மாற்றிக்கொள்ளும். எதற்காகப் பாடுகிறது, பெண்ணைக் கூப்பிடவா, மற்ற ஆணை மிரட்டவா என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது.

"பொம்பளைங்க பாடாதா மேடம்?" என்று மச்சான் கேட்டான்.

"பாட்டு ஆம்பளைங்களோடது. அது ஊரு முழுக்கக் கேக்கும். தாயும் குட்டியும் வேற மாதிரி. உறுமுற மாதிரி, முனகுற மாதிரி, சின்னச் சின்ன சத்தம். கிட்ட இருந்தாத்தான் கேக்கும். சத்தமா பேசினா வேட்டையாடுற மிருகம் வந்துடும், இல்ல தேவையில்லாத ஆம்பளை எவனாவது வந்துடுவான். அதான் மெதுவா பேசுதுன்னு நான் நெனைக்கிறேன். பயம்தான் தம்பி. பயந்தவங்க மெதுவாத்தான் பேசுவாங்க."

அதைச் சொல்லும்போது அவருக்குத் தன் சொந்தக்காரரைப் பற்றிப் பேசுகிற பெருமை இருந்தது. பெரிய இனப்பெருக்கக் கடல்களெல்லாம் வேறெங்கோ இருக்கின்றன என்றும், நம் பக்கமும் குட்டியோடு பார்த்ததாக மீன்பிடிக்கிறவர்கள் சொல்வதால் அதைக் காதால் கேட்டு உறுதி செய்ய வேண்டும் என்றும் சொன்னார். வந்த இரண்டு வருஷமும் ஒன்றும் கேட்கவில்லை. இறால் படபடப்பதும், தூரத்துக் கப்பல் உறுமுவதும்தான் பதிவாயின.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "இவ்ளோ பயந்துகிட்டு எதுக்கு மேடம் வர்றீங்க? ஊட்ல இருக்கலாம்ல?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன். அவர் முடிச்சைத் தடவிப் பார்த்தபடி, "ஊட்ல இருந்தாலும் பயமாத்தான் இருக்கு டிரைவர் சார். பயப்படுற நேரத்துல ஒரு வேலையாவது நடக்கட்டுமே" என்றார்.

எங்களுக்குள் ஒரே ஒரு சண்டை உண்டு. எங்கள் லாஞ்சுகளில் ஒரு வழக்கம். திமிங்கலத்தைக் கடலில் பெயர் சொல்ல மாட்டோம், பெரிய மீன் என்போம். அது கிட்டே வந்தால் கட்டையை எடுத்து லாஞ்சின் பக்கப் பலகையில் ஓங்கித் தட்டுவோம். இங்கே நாங்கள் இருக்கிறோம், இடித்துவிடாதே என்று அறிவிப்பது. தட்டினால் விலகிப் போகும். என் அப்பா தட்டினார், நானும் தட்டியிருக்கிறேன். மேடம் இதைக் கேட்டதும் முகம் வெளுத்துப்போனார்.

"அதுங்களும் துடுப்பாலயும் வாலாலயும் தண்ணியை அடிச்சு சேதி சொல்லும். நீங்க தட்டுறது பெருசு கேட்டா விலகலாம். குட்டி கேட்டா? வேற பெரியவங்க கூப்பிடுறாங்கன்னு நெனச்சுகிட்டுக் கிட்ட வந்தா? குட்டி வந்தா பின்னாடியே யாரு வருவா?"

"இத்தினி வருஷமா வந்ததில்லையே" என்றேன்.

"எனக்கும் நிச்சயமாத் தெரியாது. பயமா இருக்கு, அவ்ளோதான்."

நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதற்குத்தான் பயப்படவில்லை இந்த அம்மா என்று நினைத்துக்கொண்டோம்.

மூன்றாவது வருஷம், 2009 மாசியில், கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்த ஒரு முற்பகல். எஞ்சின் அணைந்திருந்தது. மேடம் கம்பத்தோடு கட்டுண்டு உட்கார்ந்து, கண்ணை மூடியிருந்தார். திடீரென்று அவர் வலது கை மேலே எழும்பியது. யாரும் அசையக் கூடாது என்று அர்த்தம். ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். வைத்துக் கேட்டேன். வயிற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு முனகல், அதற்குக் குட்டையாக ஒரு பதில். மறுபடி முனகல். கன்றுக்குட்டியை நக்கிக்கொண்டே மாடு உறுமுமே, கிட்டத்தட்ட அப்படி. மேடத்தின் கண்களில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்த நேரத்தில் அது எழுந்தது. எங்கள் லாஞ்சைவிட நீளமான ஒரு கறுப்பு முதுகு, வந்தது, வந்துகொண்டே இருந்தது, முடியவில்லை. மூச்சு புகையாகச் சீறி எங்கள் மேல் விழுந்தது. அழுகிய மீன் நாற்றம். அதன் பக்கத்தில் சின்ன முதுகு ஒன்று. சின்னது என்றால் ஒரு வேன் அளவு.

மச்சான் பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்தவன். அவன் மேல் குற்றமே இல்லை. அவன் உடம்பு பழக்கத்தில் என்ன செய்யுமோ அதைச் செய்தது. கட்டையை எடுத்து, விளிம்புக்கு வெளியே சாய்ந்து, பக்கப் பலகையில் தட்டினான். மூன்று தடவை. "தம்பி!" என்று மேடம் கத்துவதற்குள் தட்டி முடித்துவிட்டான்.

பெரிய முதுகு உள்ளே இறங்கியது. சின்னது விலகவில்லை. எங்களைப் பார்த்துத் திரும்பியது. வேடிக்கை பார்க்க வரும் குழந்தைபோல நேராக வந்து, லாஞ்சின் வயிற்றில் முதுகைத் தேய்த்தது. லாஞ்ச் சாய்ந்தது. சாய்ந்த பக்கம்தான் மச்சான் நின்றிருந்தான். தண்ணீர் தெறித்ததை நான் பார்த்தேன். அவன் தலை எங்கள் பின்பக்கம், தண்ணீருக்குள் சுழல்கிற எஞ்சின் விசிறிக்கு நேராக எழும்பியது. அவனை ஒட்டியே குட்டி மிதந்துகொண்டிருந்தது. தாயைக் காணவில்லை.

"மாமா! மாமா!" என்று கத்தினான். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

என் மனைவி வாசலில் நின்று சொன்னதுதான் என் மண்டைக்குள் அடித்தது. என் கை சாவிக்குப் போய்விட்டது. எஞ்சினைப் போட்டால் சத்தத்துக்கு இரண்டும் ஓடிவிடும், லாஞ்சைத் திருப்பி இவனை அள்ளிக்கொண்டு போய்விடலாம். வேறு எதையும் நான் யோசிக்கவில்லை.

"எஞ்சினைத் தொடாதீங்க."

மேடத்தின் குரல்தான். ஆனால் நடுக்கம் இல்லை. வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கிற குரல். ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா கூப்பிடுது. மெதுவா கூப்பிடுது. கோவமே இல்ல. தூரத்துல இருக்கு டிரைவர் சார், நல்லா தூரத்துல இருக்கு. எஞ்சினைப் போட்டீங்கன்னா குட்டிக்கு அது கேக்காமப் போயிடும். அப்புறம் அம்மாவே இங்க வரும்."

என் விரல் சாவியிலேயே இருந்தது.

"தம்பி, கத்தாதீங்க. கால அடிக்காதீங்க. மல்லாந்து படுங்க. ஆங், அப்டித்தான். குட்டி பதில் சொல்லுது. அம்மா மறுபடி கூப்பிடுது. வா வான்னு கூப்பிடுது. குட்டி கேட்டுகிட்டு இருக்கு. போகப் போவுது. ஒண்ணும் ஆவாது தம்பி. அம்மா கூப்பிட்டுகிட்டே இருக்கு."

இப்படியே நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது கதை சொல்வார்களே, அந்தக் கதியில். மச்சான் முகம் வானத்தைப் பார்க்க மிதந்தான். அவன் உதடு மட்டும் அசைந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. குட்டி ஒருமுறை அவன் பக்கமாக உருண்டது. அதன் கண்ணை நான் பார்த்தேன். பிறகு தலையைக் கவிழ்த்து, சத்தமே இல்லாமல் முங்கிப்போனது.

"இப்போ. இப்போ தூக்குங்க" என்றார் மேடம்.

கயிற்றை வீசி, கையைப் பிடித்து, சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டேன். தளத்தில் கிடந்து உப்புத் தண்ணீரைக் கக்கினான். நான் அவன் மேலேயே விழுந்து கட்டிக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் லாஞ்சின் மறுபக்கம் தண்ணீர் பிளந்தது. தாய். மூங்கில் கழி ஒன்றை நீட்டினால் தொடலாம். அது அவ்வளவு நேரமும் எங்கள் அடியில்தான் இருந்திருக்கிறது. ஒரு மூச்சு விட்டுவிட்டு, குட்டி போன திசையில் மெதுவாகப் போனது. நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, விளிம்புக்கு வெளியே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் மச்சான் நடந்ததைச் சொன்னபோது என் மனைவி அழவில்லை. தாய் எப்படிக் கூப்பிட்டது, குட்டி எப்படிக் கேட்டது என்று மேடம் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். பிறகு என்னிடம், "அந்தச் சத்தத்தை உங்க செல்லுல ஏத்திட்டு வாங்க. என் தம்பிய வுட்டுட்டுப் போன அந்தத் தாயோட கொரலை நான் ஒரு தடவ கேக்கணும்" என்றாள்.

அடுத்த வாரம் சிதம்பரம் போனேன். மத்தியான வெயில். அடுப்பில் குக்கர் இருந்ததால் மேடம் என்னைத் தின்பண்டத் தட்டோடு கடைசி அறைக்குக் கூட்டிப்போனார். வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். நான் வற்புறுத்தவும், ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டு, ஓடவிட்டார்.

முனகல் கேட்டது. பதில் கேட்டது. அப்புறம் மச்சானின் கட்டை, டம், டம், டம். அதோடு எல்லாம் நின்றுபோனது. தண்ணீர் லாஞ்சின் மேல் மோதுகிற சத்தம். ஏதோ பெரிதாக விழுகிற சத்தம். பிறகு தடதடவென்று ஒன்று. மச்சான் காலை உதைப்பது. அதுவும் நின்றது. நான் காத்திருந்தேன். தாய் கூப்பிடவில்லை. குட்டி பதில் சொல்லவில்லை. கடைசி வரைக்கும் ஒன்றுமே இல்லை.

"வேற பதிவா மேடம் இது?"

"இதான்" என்றார். "தம்பி தட்டின உடனே ரெண்டும் பேச்சை நிறுத்திடுச்சுங்க. பயந்துட்டா அப்டியே அடங்கிடும். எனக்கு ஒண்ணும் கேக்கல டிரைவர் சார்."

"அப்ப நீங்க சொன்னதெல்லாம்?"

"நானாக் கட்டிச் சொன்னது."

அவரே தொடர்ந்தார். "அம்மா எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. கீழயே இருக்கும்னுதான் நெனச்சேன். உங்க கை சாவியில இருந்துச்சு. தம்பி காலு விசிறிகிட்ட இருந்துச்சு. சும்மா வேணாம்னு சொன்னா, இந்த அம்மா எதுக்குத்தான் பயப்படல, அப்டின்னு நெனச்சு எஞ்சினைப் போட்டிருப்பீங்க. அதான் பேசிகிட்டே இருந்தேன். நிறுத்தினா நானே அலறிடுவேன்னு பயம்."

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. மேடம் திடுக்கிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

குக்கர் அடங்கியதும், வேறொரு கடலில் எடுத்த தாய், குட்டி பதிவு ஒன்று இருப்பதாகவும், வேண்டுமானால் அதைச் செல்லில் ஏற்றித் தருவதாகவும் சொன்னார். சரி என்றேன். 2011இல் அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அதுவரைக்கும் நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

பதிவை ஏற்றிக்கொண்டு நான் வீடு திரும்பிய அன்று சாயங்காலம் என் மனைவி செல்லைக் காதோடு வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். இன்னொரு கையால் தம்பியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அழுதாள். "எவ்ளோ மெதுவா கூப்பிடுது பாருங்க" என்று செல்லை என் காதில் வைத்தாள். ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்கு அந்தத் தாய் கேட்கவில்லை. ஒன்றுமே பேசாத தண்ணீரில் இவன் காலை உதைக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது.